இன்னும் ரெண்டு பாட்டு தூரம்

கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் எங்கள் பாதயாத்திரைக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் என் வயதுத் தோழர்களுக்கும்,

வணக்கம். இந்த வருஷப் பாதயாத்திரைக்கு நீங்கள் எழுதி ஒட்டியிருக்கும் விதிமுறைகளைப் படித்தேன். காவி உடை, கழுத்தில் செபமாலை, மது கூடாது, ராத்திரி நடக்கும்போது முதுகில் ஒளிரும் பட்டை. இதெல்லாம் சரி. ஏழாவது வரியில்தான் நின்றுவிட்டேன். சினிமாப் பாட்டு, ஸ்பீக்கர், செல்போன் பாட்டு எதற்கும் அனுமதி இல்லை, மீறுகிறவர்கள் அடுத்த ஊரிலிருந்து பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று போட்டிருக்கிறீர்கள்.

கீழே கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் மூன்று பேர் 1993-ல் என்னோடு நடந்தவர்கள். பெயர் எழுதப் போவதில்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும். இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் முறையாக இந்த வருஷம் காவி கட்டப் போகிற பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

அந்த ஏழாவது விதியை மாற்றுங்கள். பிள்ளைகள் பாட்டோடு நடக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1993 செப்டம்பர் 3, விடியற்காலை. கடலூர் முதுநகரில் நாம் எத்தனை பேர் நின்றோம் என்று ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் நாற்பது பேர் முன்னால், நாம் ஆறு பேர் பின்னால், வழியில் சேர்ந்தவனோடு ஏழு பேர். எல்லோருக்கும் 18, 19 வயசு. ஏழு பேரில் மூன்று பேர்தான் கிறிஸ்தவர்கள். நான் உட்பட மூன்று பேர் விபூதி பூசுகிற வீட்டுப் பிள்ளைகள். ஏழாவது ஆள் பரங்கிப்பேட்டைக்காரன், முஸ்லிம் வீட்டுப் பையன், வழியில் பி. முட்லூரில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தான். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நடப்பதற்கு யார் வீட்டிலும் தடை சொல்லவில்லை. நம் ஊரில் அது எப்போதுமே அப்படித்தான்.

நம்மிடம் இருந்த பொருள்களைச் சொல்கிறேன். ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர், என் மாமா சவுதியிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு ஆறு பெரிய பேட்டரி. இன்னும் பன்னிரண்டு ஸ்பேர். பதினோரு கேசட். பேட்டரியும் புதுக் கேசட்டும் வாங்குவதற்காகவே முந்தின ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி பஸ் பிடித்துப் போய் நேரு வீதியிலும் சண்டே மார்க்கெட்டிலும் அலைந்தோம். திரும்பி வந்து, மஞ்சக்குப்பத்து ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, ரெண்டு நாள் தினமும் போய் "பதிஞ்சாச்சா அண்ணே" என்று கேட்டு நின்றோம். ஒரு பட்டியலில் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்று நாம் சண்டை போட்டதெல்லாம் மறந்திருக்காது. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறு பாட்டு. ஏழாவது பாட்டைத் திணித்தால் பாதியில் வெட்டிவிடும். அந்த ஆறுக்குள் எது வரவேண்டும் என்பது அன்றைக்கு நமக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அந்த வருஷம்தான் ஜென்டில்மேன் வந்திருந்தது. ரோஜா அதற்கு முந்தின வருஷம். ரஹ்மானுக்கே அப்போது 26 வயசுதான். இன்றைக்கு அவரை எல்லோரும் பெரிய மனிதராகப் பார்க்கிறார்கள். அன்றைக்கு நம் வீடுகளில் என்ன சொன்னார்கள்? "இது பாட்டாடா, தகர டப்பாவில் தட்டுகிற சத்தம்" என்றார்கள். இளையராஜா பாட்டையே அரைமனதாகத்தான் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். நாம் அந்தத் தாளத்தை முதன்முதலாகக் கேட்டபோது மார்புக்குள் ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருந்ததே, அதை அவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல் தவித்தோம். அந்தத் தவிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

அப்போது நம்மை வழிநடத்திய உபதேசியாரை (கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர்) நினைத்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணி ஆலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட 1962-ல் முதன்முதலாக நடந்தவர். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் விட்டதில்லை. முதுநகரில் கிளம்பும்போதே அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார். "மாதாவைப் பார்க்கப் போறீங்களா, கல்யாண ஊர்வலம் போறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. நாம் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொடிக்கம்பு வைத்திருந்த சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டோம்.

முதல் நாள் முழுக்கப் பாட்டு இல்லை. முதுநகர் தாண்டியதும் மூக்கில் ஏறும் ரசாயன நெடி, அதற்கு அப்புறம் வெயில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்குத் தெரியும், பதினோரு மணிக்கு மேல் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. ரோட்டோரம் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு மட்டும் கொஞ்சம் சூடு குறைவாக இருக்கும். அந்த நாலு விரல் அகலக் கோட்டின் மேல் ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். முதல் நாள் ராத்திரி உங்களில் ஒருவர் (இப்போது பொருளாளர்) உள்ளங்காலில் எட்டுக் கொப்புளம் எண்ணிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். சொன்னாரா இல்லையா?

அவரைப் போகவிடாமல் நிறுத்தியது யார்? நம் பையன், கேரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன். சோனாங்குப்பத்துக்காரன், அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். கொப்புளத்தில் ஊசி நூல் கோத்துத் தண்ணீரை வடித்தான், தேங்காய் எண்ணெய் தடவினான். அப்புறம் பெட்டியை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு பக்கம் ஓடி முடிந்தது. "ஒரு பக்கம் ஓடுற நேரத்துல ரெண்டு கிலோமீட்டர் நடந்துடலாம்டா. வேளாங்கண்ணி எத்தனை பக்கம்னு கணக்குப் போடு" என்றான். வெறுங்காலில் மணிக்கு நாலு கிலோமீட்டர், பக்கத்துக்கு அரை மணி. கடலூரிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 140 கிலோமீட்டர், அதாவது எழுபது பக்கம். அதில் முதல் நாளிலேயே பன்னிரண்டு பக்கம் நடந்திருந்தோம். 140 கிலோமீட்டர் என்றால் மலைப்பாக இருந்தது, முப்பத்தைந்து கேசட் என்றதும் முடியும் என்று தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து நம் கூட்டத்தில் தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. டீக்கடை எவ்வளவு தூரம்? மூணு பாட்டு. சிதம்பரம்? நாலு கேசட். ரெண்டாம் நாளிலிருந்து பெட்டி பின்வரிசையில் மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டே வந்தது. முன்னால் செபமாலை, பின்னால் பாட்டு. நடுவில் ஐம்பது அடி இடைவெளி விட்டு நடந்தோம்.

கொள்ளிடம் பாலத்துக்கு வந்தபோது ராத்திரி. அங்கே நடந்ததைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் சீர்காழி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆக்கூர் வருவதற்கு முன்னால் ஒரு மதகுக் கட்டையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்களும்தான். யாருக்கும் எழுந்திருக்க மனசில்லை. செபமாலையை ஆரம்பித்த அம்மாவின் குரல் பாதியில் அடங்கிப்போனது. உபதேசியார் பின்னால் திரும்பி நம்மைப் பார்த்தார். "அந்தப் பொட்டியப் போடுங்கடா" என்றார்.

நமக்குக் கை ஓடவில்லை. எதைப் போடுவது? கேட்டால், "ஏ.எம். ராஜா இருக்கா, ஜிக்கி இருக்கா?" என்கிறார். நம் பதினோரு கேசட்டில் ஏ.எம். ராஜா எங்கே இருப்பார்! இல்லை என்றதும் அவரே பாடினார். அறுபது வயசுக்காரர், மழையில் நனைந்த காவி வேட்டியோடு, மதகில் உட்கார்ந்துகொண்டு ஒரு காதல் பாட்டைப் பாடினார். பெரிய குரல் இல்லை. ஆனால் ஒரு சங்கதியும் விடவில்லை. எத்தனை வருஷமாக உள்ளுக்குள் பாடிக்கொண்டே நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் அவரே எழுந்து கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாம் பின்னால் ரஹ்மானைப் போட்டோம். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் திருக்கடையூரில் அவர் சொன்னதை உங்களில் இருவர் என்னோடு உட்கார்ந்து கேட்டீர்கள். அவர் சின்ன வயசில் பூசையெல்லாம் லத்தீனில் நடக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம்தான் கோயிலுக்குள் பூசை தமிழில் வந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் மிருதங்கம் வந்து உட்கார்ந்த அன்றைக்கு அவருடைய அப்பா கோபித்துக்கொண்டு பாதிப் பூசையில் எழுந்து வெளியே போய்விட்டாராம். "கூத்துக் கொட்டகையா இது?" என்று கேட்டாராம். "எங்க அப்பா மாதிரியே நானும் உங்களைக் கேட்டுட்டேன்" என்றார் உபதேசியார். அவர் அன்றைக்கு வகுத்ததுதான் நம் சட்டம். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் செபமாலை. அப்போது பெட்டி மூடியிருக்க வேண்டும். மிச்ச நேரம் பாட்டு. ஊருக்குள் நுழையும்போது மாதா பாட்டு. இதை மீறியவர்கள் யாரும் இல்லை. ஐந்து வருஷம், 1997 வரைக்கும், நாம் ஏழு பேரும் சேர்ந்து நடந்த கடைசி வருஷம் வரைக்கும், அதுதான் சட்டம்.

நடந்துபோகிறவனுக்குப் பாட்டு வேண்டும் என்பது நாம் கண்டுபிடித்ததும் இல்லை. வழிநடைச் சிந்து என்று தமிழில் தனியாக ஒரு வகையே இருக்கிறது. ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது நடைக் களைப்புத் தெரியாமல் இருக்கத்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார் என்று சொல்வார்கள். அதில் முருகன் மட்டுமா இருக்கிறார்? தலைவி ஏங்குகிறாள், தோழியிடம் புலம்புகிறாள். சாமி பார்க்கப் போகிற வழியில் காதல் பாட்டுப் பாடினால் சாமிக்குக் குறை என்று அவர்கள் நினைக்கவில்லை. ஏன், இன்றைக்கு நம் ஊர்த் திருவிழாக்களில் போடும் பக்திப் பாட்டுகளைக் கவனித்துக் கேளுங்கள். அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டு, மாதா பாட்டு எதுவானாலும், எத்தனையோ பாட்டில் மெட்டு சினிமாவிலிருந்து வந்ததுதான்.

நாகூரையும் சொல்ல வேண்டும். கடைசி நாள் காலையில் பரங்கிப்பேட்டைக்காரன் தர்காவுக்குப் போக வேண்டும் என்றான். நாம் எல்லோரும் கூடப் போனோம், காவி வேட்டியோடு. தர்கா வாசலில் ஒரு கடையிலிருந்து நாகூர் ஹனீபாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கனத்த குரலைக் கேட்டு நின்றபோது சோனாங்குப்பத்துக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கேசட்டை அங்கேயே வாங்கினோம். நாகப்பட்டினம் வரைக்கும் அதுதான் ஓடியது. மாதாவின் கொடிக்குக் கீழே, செபமாலை போட்ட கழுத்தோடு, ஹனீபா பாட்டைக் கேட்டுக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்த கூட்டம் நம் கூட்டம். இதைவிட எனக்குப் பெருமை வேறு இல்லை. இன்றைய விதிப்படி பார்த்தால் அந்தப் பெட்டியை நாகூரிலேயே பிடுங்கியிருப்பீர்கள்.

சரி, உங்கள் தரப்பையும் நான் அறிவேன். போன வருஷம் வேறொரு கூட்டம் மினி லாரியில் ஆளுயர டிஜே பெட்டி கட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நின்றதை நானும் பார்த்தேன். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அது வேண்டவே வேண்டாம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் விதியே இருக்கிறது, அதை நாமும் மதிக்க வேண்டும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வதை நான் உங்களைவிட அழுத்தமாகச் சொல்வேன். ரோட்டை அகலப்படுத்திய பிறகு லாரிகள் வருகிற வேகம் நாம் நடந்த காலத்து வேகம் இல்லை. பின்னால் ஹாரன் அடிப்பது காதில் விழாத பிள்ளையை யார் காப்பாற்றுவது?

இயர்போன் எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் ஒருத்தன் கேட்கும் பாட்டு அவனோடு போய்விடுகிறது. நமக்கு ஒரே பெட்டிதான் இருந்தது. எனக்குப் பிடித்த பாட்டு வருவதற்கு உனக்குப் பிடித்த ரெண்டு பாட்டைக் கேட்டாக வேண்டும். கேட்டுக் கேட்டு உன் பாட்டும் என் பாட்டாகிவிடும். இன்றைக்கும் சில பாட்டுகளைக் கேட்டால் எனக்குப் பாடகர் ஞாபகம் வருவதற்கு முன்னால் அதை அடம்பிடித்துப் பட்டியலில் சேர்த்தவனின் முகம்தான் வருகிறது. எஸ்.பி.பி. மூச்சுவிடாமல் பாடினார் என்று நாம் நம்பிய அந்தப் பாட்டை, கொள்ளிடம் பாலத்தின் ஏற்றத்தில் நானும் பாடிக் காட்டுகிறேன் என்று ஒருவர் ஆரம்பித்து, மூச்சு முட்டிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. 2020-ல் எஸ்.பி.பி. இறந்த செய்தி வந்த மத்தியானம் நான் முதலில் போன் போட்டது அவருக்குத்தான். அவர் இன்றைக்கு உங்கள் குழுவின் தலைவர். எங்கள் ரெண்டு பேருக்கும் அன்றைக்குப் பேச்சே வரவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். உபதேசியார் வகுத்த சட்டத்தையே திரும்பக் கொண்டுவாருங்கள். செபமாலை நேரத்தில் எல்லாம் மூடியிருக்கட்டும். இயர்போன் வேண்டாம், டிஜே வேண்டாம். கையில் தூக்குகிற அளவில் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர், மொத்தக் கூட்டத்துக்கும் அது ஒன்றுதான். கிளம்புவதற்கு முந்தின வாரம் பிள்ளைகள் உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒரே பட்டியலைத் தயார் பண்ணட்டும். அதில் அனிருத் இருக்கட்டும், சாய் அபயங்கர் இருக்கட்டும், நமக்குப் பெயர் தெரியாத யார் வேண்டுமானாலும் இருக்கட்டும். நமக்கு அது இரைச்சலாகத் தெரியலாம். ரெண்டு நாள் கூடவே நடந்தால் அதுவும் பழகிவிடும். இருபது வயசில் கேட்கிற பாட்டுதான் ஐம்பது வயசில் கூட வருகிறது. அந்தப் பிள்ளைகளின் பாட்டில் வேளாங்கண்ணி ரோடு இல்லாமல் போனால் அது அவர்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை, நாளைக்கு யார் இந்தக் கொடியைத் தூக்குவது? போன வருஷம் வந்த பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது பேர் இந்த வருஷம் வரவில்லை என்கிறார்கள். காரணம் கேட்டேன். ஏழாவது வரியைத்தான் சொன்னார்கள்.

இனி கொள்ளிடம்.

ரெண்டாம் நாள் ராத்திரி, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பேட்டரி இறங்கிவிட்டது. பாட்டு இழுக்க ஆரம்பித்தது, பெண் குரலெல்லாம் ஆண் குரல் மாதிரி ஆனது. சோனாங்குப்பத்துக்காரன் சைக்கிளை நிறுத்தி, இருட்டில் தடவித் தடவிப் புதுப் பேட்டரி போட்டான். போட்டுவிட்டு ப்ளே பட்டனை அழுத்தினான், நடந்தோம். பாட்டு வரவில்லை. பெட்டி ரிப்பேர் என்று நினைத்துப் பாலத்தின் மேல் போன பிறகுதான் நான் வாங்கிப் பார்த்தேன். ப்ளேயோடு சேர்த்து ரெக்கார்ட் பட்டனும் அமுங்கியிருந்தது. கம்பெனிக் கேசட்டாக இருந்தால் பின்பக்கத்துச் சின்ன தகடு உடைத்திருக்கும், ரெக்கார்ட் பட்டன் இறங்காது. நம்முடையது ரெக்கார்டிங் கடையில் பதிந்தது, தகடு அப்படியே இருந்தது. ரஹ்மான் பாட்டு நடுவில் நாலு நிமிஷம் அழிந்துபோய்விட்டது. அவனை என்ன திட்டுத் திட்டினோம்! எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. சீர்காழி வரைக்கும் நான் அவனோடு பேசவில்லை.

அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் என் கடைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது இருநூறு கேசட்டுக்கு மேல் நனைந்து பாழானது. இது மட்டும் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்ததால் தப்பியது. போன மாசம் ஒரு பழைய டெக்கை எடுத்து பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இதைப் போட்டுக் கேட்டேன். பாட்டு ரெண்டு நிமிஷம் வருகிறது. டொக் என்று ஒரு சத்தம். அப்புறம் காலடிச் சத்தம், வெறுங்கால்கள் ரோட்டில் படுகிற சத்தம். சைக்கிள் செயின். தூரத்தில் முன்னால் போகிறவர்களின் செபமாலை, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று விட்டுவிட்டுக் கேட்கிறது, நடுநடுவே உபதேசியாரின் குரல் தனியாகத் தெரிகிறது. ஒரு லாரி போகிறது. யாரோ இருமுகிறார்கள். கொப்புளம் பட்டவர் கேட்கிறார், "டேய், பாலம் முடிய இன்னும் எவ்ளோ தூரம்டா?" மைக்குக்குப் பக்கத்தில், காதோரம் பேசுவது மாதிரி, சோனாங்குப்பத்துக்காரன் சொல்கிறான்: "இன்னும் ரெண்டு பாட்டு தூரம், வா."

அவன் 2016-ல் போய்விட்டான். நம்மில் நாலு பேர்தான் தூக்கினோம். அவன் வீட்டில் அவன் போட்டோ ரெண்டு இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை. அவனுடைய பையனுக்கு இப்போது 19 வயசு. அப்பா இறந்தபோது சின்னப் பிள்ளை, குரல் சரியாக ஞாபகம் இல்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். இந்த வருஷம் முதல் முறையாகக் காவி கட்டப் போகிறான். போன வாரம் அவனிடம் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் இருப்பதைப் பார்த்து, உங்களில் ஒருவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அவன் அப்பா தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளில் நீங்களும் உங்கள் பையை மாட்டித்தான் நடந்தீர்கள்.

அந்தக் கேசட்டைப் பற்றி அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கடையில் உட்கார வைத்துக் கேட்கவைக்க எனக்கு மனசில்லை. கொள்ளிடம் பாலத்தில், அந்த இடத்தில், நடந்துகொண்டே அவன் கேட்க வேண்டும். அந்த நாலு நிமிஷத்தை ஒரு பென் டிரைவில் மாற்றி வைத்திருக்கிறேன். அவனுடைய ஸ்பீக்கரிலேயே போடலாம். பத்து மணிக்கு முன்னால் பாலத்துக்குப் போய்விடுகிற மாதிரி அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பேன். ஐந்து பேரும் வாருங்கள். அந்தக் கேசட்டை முதலில் நீங்கள் ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு, ஏழாவது வரியை என்ன செய்வது என்று அங்கேயே உட்கார்ந்து பேசுவோம்.

அன்போடு,
முதுநகர் ரேடியோ கடைக்காரன்